படபடப்புக்கு மருந்து காலேஜ் சீட்டு

டாக்டர் ‘கவுன்சிலிங் போங்க’ என்று சொன்னதும், அவர் என் மகளின் காலேஜ் சீட்டைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நம்பினேன். நம்பியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. போயும் வந்துவிட்டேன்.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிடுங்கள், காத்திருக்கிறேன். அந்தச் சமயத்தில் எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கு அந்த ஓர் அர்த்தம்தான் இருந்தது. ப்ளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் சோறு வேகிறதோ இல்லையோ, கவுன்சிலிங் என்ற பேச்சு வெந்துகொண்டே இருக்கும். மனசுக்கென்று தனியாக ஒரு கவுன்சிலிங் உண்டு, அதற்கும் ஒரு டாக்டர் உட்கார்ந்திருப்பார் என்ற சங்கதி உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இன்னும் வந்து இறங்கவில்லை.

போன வாரம், தேர்தல் சமயத்தில் எதிரும் புதிருமான இரண்டு கட்சிக்காரர்களுக்கும் ஒரே மைக் செட்டை வாடகைக்கு விட்டு மாட்டிக்கொண்டதை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர், ‘உங்களுக்குப் பயமே கிடையாதா சார்?’ என்று கேட்டிருக்கிறார். இந்த வாரம் அவருக்காக.

அந்தக் கிளினிக்கின் ஸ்டூல் இப்போதும் கண்ணில் நிற்கிறது. சுற்றுகிற ஸ்டூல். உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாயும். தலைக்கு மேல் ஃபேன் டக்கு டக்கு என்று அடித்துக்கொண்டிருந்தது. ஸ்பிரிட் வாசனை. அதையும் மீறி என் சட்டையிலிருந்து ஓமவாட்டர் வாசனை. பக்கத்தில் என் மகள் அமுதா, என் ஓமவாட்டர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் என் ஈ.சி.ஜி. காகிதங்களை மேஜைமேல் விரித்துப் பார்த்தார். மேஜை போதவில்லை.

“எல்லாம் ஒரே ஆளோடதா?”

“ஆமா சார். ஒண்ணு டபாய்ச்சாலும் இன்னொண்ணுல மாட்டிக்கும்னுதான்.”

அவர் சிரிக்கவில்லை. நான் தமாஷ் பண்ணி ஒருவர் சிரிக்காவிட்டால் எனக்குப் பாதி உயிர் அங்கேயே போய்விடும். மிச்சப் பாதியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த ஸ்டூலுக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது பந்தி

எனக்கு சவுண்ட் சர்வீஸ். பெயர் ஏகாம்பரம் என்றாலும் ஊரில் ‘சவுண்டு’ என்றால்தான் தெரியும். மைக் செட்டை வாடகைக்குக் கொடுப்பதோடு மைக்கையும் நானே பிடிப்பேன். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதம் கூழ் ஊற்றுவது, எதுவானாலும் சரி. ‘சாம்பார் வாளியோடு காணாமல் போன தம்பி எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும், வாளியாவது வரவும்’ என்கிற மாதிரி ஏதாவது பேசிக்கொண்டே இருப்பேன். பாதி ஜனம் சாப்பாட்டுக்கு வருகிறது, பாதி ஜனம் என் வாய்க்கு வருகிறது என்று எனக்கு ஒரு நினைப்பு.

முனுசாமி என் கூட்டாளி. பந்தல், சேர், டேபிள் அவனுடையது. சத்தம் என்னுடையது, நிழல் அவனுடையது. அவன் சேர்களுக்கு மேல் என் பெட்டிகளை ஏற்றி, ஒரே டிராக்டர் டிரெய்லரில் எங்கள் பக்கத்து ஊர் அத்தனையும் சுற்றியிருக்கிறோம்.

ஒரு கல்யாணத்தில் வேலை முடிந்து தன் சேரிலேயே உட்கார்ந்து, “ஒரு டீ சொல்லு சவுண்டு” என்றான். டீ வந்தது. ஆள் இல்லை. என் வயசு. தலைவலி என்றுகூட ஒரு நாள் படுத்தவனில்லை.

அவன் சாவுக்கும் நான்தான் மைக் பிடித்தேன். ‘ஊரையே உட்கார வைத்தவர்’ என்று ஒரு வரி சொன்னேன். எல்லோரும் அழுதார்கள். நான் அழவில்லை. வேலையில் இருந்தேன்.

அதற்குச் சில வாரங்கள் கழித்து, காவாந்தண்டலத்தில் ஒரு காதுகுத்து. மூன்றாவது பந்தி. ‘சாப்பிட்டவர்கள் எழுந்தால்தான் சாப்பிடாதவர்கள் உட்கார முடியும், இது அரசியலுக்கும் பொருந்தும்’ என்று இழுத்துக்கொண்டிருந்தேன். எதிரே வரிசையாகச் சிவப்பு பிளாஸ்டிக் சேர்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளை பெயிண்டில் ‘மு’ என்ற எழுத்து. அவன் கையெழுத்து, கொஞ்சம் கோணலாக.

அவ்வளவுதான். நெஞ்சுக்குள் எவனோ உரலை உருட்டினான். உள்ளங்கை சில்லிட்டது. வாய் மரத்தது. கண்ணோரம் கருத்துக்கொண்டு வந்தது. மைக் வாய்க்கு நேரே இருந்தது.

“ஐயோ... கஸ்தூரி... நான் பூட்டேண்டி!”

கஸ்தூரி என் மனைவி. அவள் அங்கே இல்லை. ஆனால் பந்தி முழுக்கச் சிரிப்பு. தென்னை மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் வழியாக என் கடைசி வார்த்தை வயல்வெளி முழுக்கப் போய், நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். நான் மண்ணில் சரிந்தேன். கைதட்டினார்கள்.

“சவுண்டு இன்னிக்குப் புச்சா போட்றாம்பா!” என்றார் ஒரு பெரியவர், வாயில் ஜாங்கிரியோடு.

கோமாளிக்கு வருகிற கஷ்டங்களில் பெரிய கஷ்டம் இது. அவன் செத்தால்கூட ஜனம் இன்னொரு தடவை சாகச் சொல்லும்.

இலை எடுக்க வந்த கன்னியம்மாதான் குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். “யோவ், ஆளுக்கு நெசமாவே வேர்த்துகினு கீதுய்யா! இன்னாத்துக்கு சிரிக்கிறீங்க?” என்று அவள் போட்ட சத்தத்தில்தான் என்னைத் தூக்கினார்கள். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை.

எல்லாருக்கும் கேஸ்

ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நார்மல் என்றார்கள். அந்தச் சொல் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அவமானமாக இருந்தது. ஊரே பார்க்கச் செத்தவன் நார்மல் என்று எந்த முகத்தோடு திரும்பிப் போவான்?

ஊர் எனக்கு வேறு ஒரு நோயைக் கொடுத்தது. கேஸ்.

எங்கள் ஊரில் வாயுத் தொல்லையும் கேஸ்தான், அடுப்பு சிலிண்டரும் கேஸ்தான், கோர்ட் வழக்கும் கேஸ்தான், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவனும் கேஸ்தான். ‘எனக்கு கேஸ்’ என்று நான் சொன்னால் ஒருத்தர் இஞ்சி கொடுத்தார், ஒருத்தர் வக்கீல் பேர் கொடுத்தார். கஸ்தூரி பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தாள். ஓமவாட்டர் என் சட்டைப்பையில் குடியேறியது அப்போதுதான்.

ஆனால் அது மறுபடி மறுபடி வந்தது. வந்தபோதெல்லாம் இன்னொரு ஈ.சி.ஜி., இன்னொரு நார்மல். சைக்கிளில் போகும்போது வந்தது. முடிவெட்டிக்கொள்ளும்போது, கழுத்தில் துணி கட்டிய நேரமாகப் பார்த்து வந்தது. பாதித் தலையோடு எழுந்து ஓடினேன். மிச்சத் தலையை வெட்ட சலூன்காரர் வீட்டுக்கே வந்தார்.

அப்புறம் அது வராத நேரத்திலும், வந்துவிடுமோ என்று வந்தது.

எந்த விசேஷத்துக்குப் போனாலும் பெட்டியை இறக்குவதற்கு முன் நான் கேட்கிற முதல் கேள்வி மாறிப்போனது. “இங்க யாரு வூட்ல கார் கீது?” எனக்கு ஏதாவது ஆனால் தூக்கிப்போட்டுக்கொண்டு போவதற்கு. பெண்ணுக்கு வரன் தேடுகிறேன் என்று சிலர் நினைத்துக்கொண்டார்கள். ஒருத்தர் தன் மகனின் ஜாதகத்தைக் கொண்டுவந்து கொடுத்தே விட்டார்.

தாமல் ஏரிக்கரைக் கோயில் திருவிழா வருஷா வருஷம் என்னுடையது. அந்த வருஷம் வேண்டாம் என்றேன். அவ்வளவு தூரத்தில் இழுத்துக்கொண்டால் யார் கொண்டுவந்து சேர்ப்பது? ஐயங்கார்குளத்தில் ஒரு கல்யாணத்தையும் விட்டேன். கேட்டவர்களிடம் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் என்றேன். பொய் இல்லை. எந்த ஆம்ப்ளிஃபயர் என்பதை மட்டும் சொல்லவில்லை. கடைசியில் கிளினிக் போர்டு கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான் என் உலகம் என்றாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் அமுதாவுக்கு மார்க் வந்தது.

அவளுக்கு மாட்டு டாக்டராக வேண்டும். எங்கள் தெருவில் யார் வீட்டு மாடு கன்று போட்டாலும் ஸ்கூல் யூனிஃபார்மோடு போய் நிற்கிற பெண். மார்க் நன்றாகவே இருந்தது. சென்னையில் கவுன்சிலிங், குறித்த நாளில் வர வேண்டும், அப்பாவோ அம்மாவோ கூட வர வேண்டும் என்று தபால் வந்தது. போகாவிட்டால் சீட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

கஸ்தூரிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்து தையல் ஆறாத நேரம். பஸ்ஸில் குலுங்கவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மச்சான் துபாயில். மிச்சம் இருந்தது நான். செங்கல்பட்டைப் பார்த்தே மாதக்கணக்கான நான்.

வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. சமையல்கட்டில் அமுதா அவள் அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. எனக்குத் தொழிலே காதுதான்.

“நைனாவப் போட்டு பேஜார் பண்ணாதம்மா. உடம்பு சரியில்லாத மனுசன். அடுத்த வருசம் பாத்துக்கலாம்.”

மறுநாள் அவளையே கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன். சென்னைக்குப் போய்த் திரும்புகிறவரைக்கும் உயிர் தங்குகிற மாதிரி ஊசி ஏதாவது இருந்தால் போட்டுக்கொள்ளலாம் என்று திட்டம்.

சீப்பு சீப்பாக

ஸ்டூலுக்கு வந்துவிட்டோம்.

டாக்டருக்கு நாகர்கோவில் பக்கம். எங்கள் ஊருக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

“ஒரே பேஜாரா கீது சார்” என்றேன்.

“பேஜார்னா... இடது பக்கமா, வலது பக்கமா?”

அமுதா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டார். காலையில் என்ன சாப்பிட்டேன், எத்தனை டீ குடிக்கிறேன், காரம் உண்டா, ராத்திரி என்ன. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். எழுதிக்கொண்டே அடுத்ததாகக் கேட்டார்.

“பயம் இருக்கா?”

எங்கள் பக்கத்து நாக்கு ழகரத்துக்கு மடங்காது. வாழைப்பழம் எங்களுக்கு வாயப்பயம். மாம்பழம் மாம்பயம். சாப்பாட்டையே கேட்டுக்கொண்டு வந்த மனிதர் இப்போது பழத்துக்கு வந்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

“கீது சார். வூட்ல ஒரு சீப்பு கீது. இவங்கம்மாவுக்கு ஆபரேசன் ஆச்சில்ல, அதுக்கு வாங்கினது.”

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அமுதா என் முழங்கையைத் தொட்டாள்.

“அந்தப் பயம் இல்ல நைனா. நீ பயப்படறியான்னு கேக்கறாரு.”

வலிக்கிறதா, அடைக்கிறதா, ஏப்பம் வருகிறதா என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். பயமாக இருக்கிறதா என்று அதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. ஊரைச் சிரிக்க வைக்கிறவனிடம் யார் கேட்பார்கள்? பதில் சொல்ல வாயைத் திறந்தேன். முனுசாமி சாவில் வராத தண்ணீர் அந்தச் சாய்ந்த ஸ்டூலில் வந்தது.

“சீப்பு சீப்பா கீது சார்” என்றேன்.

அவர் அப்போதும் சிரிக்கவில்லை. அந்த ஒரு தடவை எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

“உங்க ஹார்ட் நல்லா இருக்கு. நீங்க பயந்தா அது வேகமா ஓடும். அது ஓடுறதப் பாத்து நீங்க இன்னும் பயப்படுறீங்க. அதப் பாத்து அது இன்னும் ஓடுது. இதுதான் நடக்குது.”

எனக்கு இது சட்டென்று புரிந்தது. மைக்கை ஸ்பீக்கருக்கு நேரே திருப்பினால் ‘கூய்’ என்று ஊளையிடும். ஸ்பீக்கர் சத்தத்தை மைக் வாங்கும், வாங்கினதை ஸ்பீக்கர் பெரிதாக்கும், பெரிதானதை மைக் மறுபடி வாங்கும். மைக்கிலும் பழுது இல்லை, ஸ்பீக்கரிலும் பழுது இல்லை. நான் என் காதை என் நெஞ்சுக்கு நேரே திருப்பி வைத்துக்கொண்டு, பழுது எங்கே என்று ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தேன்.

புரிந்தது என்பதற்காக நின்றுவிடவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இங்கேதான் அவர் அதைச் சொன்னார்.

“நான் மாத்திரை கொஞ்சமாத்தான் எழுதுறேன். நீங்க கவுன்சிலிங் போங்க. போனா சரியாயிடும்.”

எனக்கு ஒரே ஆச்சரியம். இந்த மனிதருக்கு எப்படித் தெரிந்தது? கூட வந்த பெண்ணின் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாரா?

“அடுத்த வாரம் சார்! தேதி வந்துட்சி!”

“அப்படியா? ரொம்ப நல்லது. ஏற்கெனவே ஏற்பாடு பண்ணிட்டீங்களே. தவறாம போயிடுங்க. பயந்துகிட்டுப் பாதி வழியில திரும்பிடாதீங்க. நிறையப் பேர் அதத்தான் செய்றாங்க.”

“பொண்ணு கூட வரும் சார்.”

“வரட்டும். கூட ஒருத்தர் இருந்தா தைரியம்தானே.”

“ஒரே தடவையில முடிஞ்சிடுமா சார்?”

“ஆளப் பொறுத்தது. சிலருக்கு நாலஞ்சு தடவை ஆகும்.”

“இவளுக்கு மொத தடவையே கெடச்சிடும் சார், மார்க்கு ஷோக்கா...”

“வா நைனா, வெளிய ஆளுங்க காத்துகினு கீறாங்க” என்று அமுதா என் கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள். டாக்டர் அடுத்த ஆளுக்கு மணி அடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கஸ்தூரி படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். “யோவ், நெசமா டாக்டரே சொன்னாரா?”

“ஆமாண்டி. மருந்தே அதான்னுட்டாரு.”

கஸ்தூரி அமுதாவைப் பார்த்தாள். அமுதா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“ஆமாம்மா. கவுன்சிலிங் போவச் சொன்னாரு” என்றாள், தலை நிமிராமல்.

ஜன்னல் ஓரம்

விடிந்ததும் செங்கல்பட்டு பஸ். ஜன்னல் ஓரம் நான். சட்டைப்பையில் ஓமவாட்டர், மஞ்சள்பையில் சோடா, மடியில் இஞ்சி மரப்பா. கல்லூரிக்குப் போகிறவள் கையில் ஒரே ஒரு ஃபைல்.

அமுதா ஏறினதிலிருந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெண் வளர்ந்தாலும் பாசம் போகவில்லை பார் என்று உள்ளுக்குள் பூரித்துக்கொண்டேன்.

கிளினிக் போர்டு பின்னால் போய் மறைந்தது. வயல் வந்தது. வைக்கோல் வாசனையும் டீசல் புகையும் மாறி மாறி வந்தன. நான் வழியில் எங்கே எங்கே சிவப்புக் கூட்டல் குறி தெரிகிறது என்று பார்த்து மனசில் குறித்துக்கொண்டே வந்தேன். ஒரு குறி மாட்டு ஆஸ்பத்திரி. அதையும் சேர்த்துக்கொண்டேன், ஆபத்துக்கு யார் பார்த்தால் என்ன.

ஊரும் இல்லாத, ஆஸ்பத்திரியும் இல்லாத ஒரு நீட்டு ரோட்டில் அது வந்தது. உரல் உருண்டது. நான் எழுந்துவிட்டேன்.

“கண்டக்டர்! வண்டிய நிறுத்துய்யா!”

“இன்னா நைனா?”

“வருது கண்ணு. எறங்கிடலாம். வூட்டுக்குப் போயிடலாம்.”

“டாக்டர் இன்னா சொன்னாரு?”

“பாதி வழியில திரும்பக் கூடாதுன்னாரு.”

“அப்ப உக்காரு.”

“செத்துப் பூடுவேன்டி.”

“செத்தா நான் பாத்துக்கறேன். இப்ப உக்காரு.”

கண்டக்டர் வந்து, “இன்னா பெர்சு, எறங்கணுமா வேணாமா?” என்றார். பஸ் முழுக்க என்னைப் பார்த்தது. எனக்குக் கூட்டத்தைப் பார்த்தால் வாய் சும்மா இருக்காது. “எறங்கணும்தான், ஊரு வர மாட்டேங்குதே” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். வேர்வை சட்டையை நனைத்தது. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு செத்துக்கொண்டே இருந்தேன். செத்துக்கொண்டே இருந்தேனே தவிர, சாவு முடியவில்லை. ஒரு ஏரி வந்தது. ஒரு செங்கல் சூளை வந்தது. அதைத் தாண்டும்போது, எனக்குப் பசிக்கிற மாதிரி இருந்தது.

நான் இறங்காமலே அது இறங்கிப் போய்விட்டது. இது எனக்குப் புதுச் செய்தி. அதுவரை ஒவ்வொரு தடவையும் நான் ஓடியிருந்தேன், ஓடினதால்தான் பிழைத்தேன் என்று நம்பியிருந்தேன்.

செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறினோம். அதிலும் ஒரு தடவை வந்தது. அதையும் உட்கார்ந்தே பார்த்தோம்.

பலகை

கவுன்சிலிங் நடந்த இடம் பெரிய ஹால். முன்னால் ஒரு பெரிய பலகை. எந்தக் காலேஜில் எத்தனை சீட்டு மிச்சம் என்று அதில் தெரியும். ஒரு பிள்ளை உள்ளே போய் வெளியே வந்தால் ஓர் எண் குறையும். குறையும்போதெல்லாம் ஹாலில் ஒரு பெருமூச்சு.

சுற்றிப் பார்த்தேன். இத்தனை அப்பாக்கள் ஒரே இடத்தில் வேர்த்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் திண்டிவனம் பக்கத்து விவசாயி ஒருத்தர், வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

“உங்களுக்கும் நெஞ்சு அடிக்குதாங்க?” என்றேன்.

“அடிக்காம? காலையில இருந்து தண்ணி கூட எறங்கல. வெளிய சொல்லாதீங்க, பையன் பக்கத்துல உக்காந்திருக்கான்.”

நான் ஓமவாட்டர் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக் குடித்தார். அந்தப் பக்கம் இருந்தவரும் கை நீட்டினார். பாட்டில் வரிசையோடு போய்க் காலியாகத் திரும்பி வந்தது. எனக்கென்று ஒரு சொட்டு இல்லை. ஆனால் ஊரில் நான் ஒருத்தன்தான் கோழை என்று இத்தனை நாள் இருந்த நினைப்பு, அந்த வரிசையில் கொஞ்சம் காலியானது.

அமுதாவுக்குச் சென்னைக் காலேஜ்தான் வேண்டும். வாராவாரம் வீட்டுக்கு வரலாம் என்பாள். அந்த எண் குறைந்துகொண்டே வந்தது. எங்களுக்கு முன்னால் போன பெண் வெளியே வந்தாள். பலகையில் சென்னைக்கு நேரே பூஜ்யம் விழுந்தது.

எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஓர் அம்மா. “சென்னை முடிஞ்சுதும்மா. நாமக்கல் இருக்கு. எடுத்துக்கிறியா, இல்ல சென்னைக்கு வெய்ட்டிங்ல போடட்டுமா? வெய்ட்டிங்னா கெடைக்கும்னு சொல்ல முடியாது.”

நாமக்கல். சேலத்துக்கும் அந்தப் பக்கம். பலகையில் நாமக்கல்லுக்கு நேரேயும் எண் சின்னதுதான்.

அமுதா திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் என்ன பார்த்தாள் என்பது எனக்குத் தெரியும். தையல் ஆறாத அம்மா. முடிவெட்டப் போய்ப் பாதித் தலையோடு ஓடிவருகிற அப்பா. ஒரு கூப்பிடு தூரத்துக்குப் போக ஓமவாட்டர் எடுத்துக்கொள்கிற ஆள்.

“வெய்ட்டிங்...” என்று ஆரம்பித்தாள்.

எனக்கு வந்துவிட்டது. முழுசாக, காவாந்தண்டலத்தில் வந்த மாதிரியே. கை சில்லிட்டது. ஹால் ஒரு பக்கம் சாய்ந்தது. அந்த மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். வாய் மரத்துப்போவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

“நாமக்கல் போடுங்கம்மா!”

எனக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“சார், எனக்குக் காது கேக்குது” என்றார் அந்த அம்மா. “நீ சொல்லும்மா. உனக்கு?”

அமுதா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நைனா, உனக்கு வந்துகினு கீது.”

“வரட்டும். அது பாட்டுக்கு வரட்டும். நீ கையெழுத்தப் போடு.”

போட்டாள்.

சீட்டு யாருக்கு?

மறுநாள் டாக்டரிடம் இனிப்போடு போனோம். கதவைத் திறந்ததும் திறக்காததுமாக நான் ஆரம்பித்துவிட்டேன்.

“சார், கவுன்சிலிங் போயிட்டு வந்துட்டேன் சார். நீங்க சொன்ன மாதிரி பாதியில திரும்பல. மூணு தபா வந்துச்சி, மூணு தபாவும் தானா பூட்ச்சி. சீட்டும் கெடச்சிடுச்சி!”

“சீட்டா? எந்த சீட்டு?”

“நாமக்கல் சார். மாட்டு டாக்டரு.”

டாக்டர் என்னைப் பார்த்தார். என் தலைமுடியைப் பார்த்தார். “உங்களுக்கா?” என்றார்.

அப்புறம் விளக்கினார். மனசு விட்டுப் பேசுவதற்குச் செங்கல்பட்டில் ஒரு டாக்டர் இருக்கிறார், அவரிடம் போகச் சொன்னேன், அதற்குப் பெயரும் கவுன்சிலிங்தான் என்றார். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, மேஜையில் கவிழ்ந்து சிரித்தார். கடைசியில் அந்த மனிதரையும் சிரிக்க வைத்துவிட்டேன், இனாமாக.

அமுதா சுவரில் இருந்த காலண்டரை ரொம்பக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது கேட்டேன். “அன்னிக்கே உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“ஏம்மே சொல்லல?”

“சொல்லிகீந்தா நீ பஸ்ஸு ஏறுவியா?”

“வழியில எனக்கு இன்னாமாச்சும் ஆயிகீந்தா?”

அவள் செருப்பு வாரை இரண்டு தடவை மாட்டிக் கழற்றினாள்.

“அதான் வழி பூரா உன் கையப் புடிச்சிகினே வந்தேனே. நாடி பாத்துகினு வந்தேன் நைனா. நின்னுடுமோ நின்னுடுமோன்னு. ஊருக்குத் திரும்பற வரிக்கும் எனக்கு உயிரே இல்ல.”

பாசம் என்று நான் பூரித்தேன் அல்லவா, அது இதுதான்.

நடந்தது இவ்வளவுதான். டாக்டர் சொன்ன அந்த இன்னொரு கவுன்சிலிங்குக்கு அடுத்த மாதம் தனியாகச் செங்கல்பட்டு போனேன். அதற்கப்புறம் பல தடவை போனேன். கல்லூரி திறந்ததும் அமுதாவை நாமக்கல்லில் விட்டுவிட்டு வந்தேன். போன பஸ், வந்த பஸ், இரண்டிலும் எனக்குப் படபடப்பு வந்தது. இரண்டிலும் நான் இறங்கவில்லை.